நித்திய ஆக்கினை: மாலை நான்கு முதல் ஆறு வரை

சீனாய்விளைத் திருச்சபைச் சேகரத்தில் நரகம் திறக்கப்பட்ட அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வடையும் காபியும் கொடுத்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் பழைய சைக்கிள் ஷெட்டை இடித்துக் கட்டிய ஏசி அறை அது. வாசலில் சிவப்பு ரிப்பன். சபை மன்றச் செயலாளரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான தேவஇரக்கம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். நரகமெல்லாம் சும்மா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசித் திரிகிறார்கள், இனி அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டிவிடலாம் என்பது பேச்சின் சாரம். பலமாகக் கைதட்டினார்கள். வடை ஆறிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

முன்வரிசையில் முதல் நாற்காலி பியூலாவுக்கு. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர், ஆலயப் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளுக்குச் செய்யும் உபசாரத்தை அன்று அவளுக்குச் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். நரகத்துக்குள் போகவிருந்த முதல் ஆள், அவள் மகள் கெசியாவின் சாவுக்குக் காரணமான வேன் டிரைவர் தங்கப்பழம்.

நடந்தது இதுதான். விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் பேரணிக்கு ஏழு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போனான் தங்கப்பழம். காலையிலேயே குடித்திருந்தான். குளத்துக்கரைத் திருப்பத்தில் வேன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து பிள்ளைகளை இழுத்துப் போட்டார்கள். தங்கப்பழம் கரையில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, "ஏழும் வந்துட்டு" என்றான். வந்தது ஆறுதான். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றையும் சேர்த்து எண்ணிவிட்டான். கெசியா எங்கே என்று யாரோ கேட்டபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு ஏழு வயது.

ஸ்டியரிங் இடித்து உள்ளே ரத்தம் கட்டியிருந்ததால் தங்கப்பழமும் இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சாகும்போது எல்லோருக்கும் எடுப்பதுபோல அவனுக்கும் சாயல் எடுத்தார்கள். ஒரு மனிதனின் நினைவு, புத்தி, குணம், பயம் அத்தனையையும் அப்படியே இறக்கிவைக்கும் நகல்தான் சாயல். உடம்புதான் இருக்காது; மற்றபடி ஆள் அவனேதான். உயிர் இருக்கும்போதே எடுக்க வேண்டும்; கெசியாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வழக்கமாகச் சாயல்களை இளைப்பாறுதல் என்ற நிலையில் வைத்துவிடுவார்கள். கனவும் இல்லாத தூக்கம் அது. ஆனால் சபைக்காரர்களின் சாயல் சபைக்குச் சொந்தம். அங்கத்தினர் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. கடைசி நியாயத்தீர்ப்பையும் நித்திய ஆக்கினையையும் விசுவாசிக்கிறேன், என் சாயல்மீது சபை எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்று அதில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தவர் எவருமில்லை. பேனாவைக் கொடுத்து இடத்தைக் காட்டினார்கள், போட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய மாதம் சபை மன்றம் கூடியது. கம்பெனியிலிருந்து லிவிங்ஸ்டன் என்ற என்ஜினியர் வந்து இயந்திரத்தை விளக்கினான். பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் பியூலாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"நெருப்பு உண்டா தம்பி?" இதுதான் தேவஇரக்கத்தின் முதல் கேள்வி.

"கம்பெனி முதல்ல நெருப்பு, புழு, இருட்டு மூணும் வச்சிருந்தது சார். அரசாங்கம் தடை போட்டுட்டு. இப்ப ஒண்ணே ஒண்ணுதான் அனுமதி. அவரு செஞ்ச காரியத்தை அவரே திரும்பத் திரும்ப வாழணும். என்ன நடக்கப் போவுதுன்னு தெரியும், ஆனா கை காலை மாத்த முடியாது. வேன் ஏறினதுல இருந்து கரையில எண்ணினது வரைக்கும் பதினோரு நிமிஷம். முடிஞ்ச உடனே மறுபடி ஆரம்பிக்கும்."

"நெருப்பு இல்லாம என்னவே நரகம்" என்று தேவஇரக்கம் அலுத்துக்கொண்டார். ஆனாலும் ஏற்றுக்கொண்டார். இல்லாததற்கு இது தேவலை.

அடுத்த சிக்கல் முடிவுத் தேதி. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் இயந்திரம் ஏற்காது.

"நித்தியத்துக்கு ஏது தம்பி முடிவுத் தேதி?"

"தெரியும் சார். ஆனா ஏதாவது போட்டாத்தான் சேவ் ஆகும். அதிகபட்சம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதாம் வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணு."

வேதசாஸ்திரம் படித்தவர் அங்கே ஒருவர்தான், சேகரத்துக் குருவானவர் ஆல்வின். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நியாயந்தீர்க்கிறது ஆண்டவரோட வேலை இல்லையா அண்ணாச்சி?" என்றார்.

"அவரு செய்யத்தான் போறாரு ஐயா. அதுவரைக்கும் நாம கையக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?" என்றார் தேவஇரக்கம். லிவிங்ஸ்டன் பக்கம் திரும்பி, "அந்தத் தேதியையே போடு. மிச்சத்த ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார்.

குருவானவர் அதற்குமேல் பேசவில்லை. இடமாற்றல் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது.

கடைசியாக லிவிங்ஸ்டன் சட்டத்தில் உள்ள ஒரு விஷயத்தைச் சொன்னான். "ஒருத்தர் எப்பவும் முன்னால உக்காந்து திரையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். கேமரா அவங்க கண்ணப் பாக்கும். ஒன்பது செகண்டுக்கு மேல கண்ண எடுத்தாலோ மூடினாலோ தண்டனை நின்னுரும். திரும்பப் பாத்தா முதல்ல இருந்து ஓடும். யாரு பாக்காங்கன்னு உள்ள இருக்கவருக்கும் பேரு சொல்லும்."

"இது என்னத்துக்கு?"

"யாருமே பாக்காம ஒரு உசிரு வேதனைப்படக் கூடாதாம் சார். முன்னால ஒரு ஊர்ல மெஷின ஓட விட்டுட்டு ரூமப் பூட்டிட்டு டூர் போயிட்டாங்க."

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இந்த இடத்தில் நரகத்தைக் கைவிட்டிருப்பார்கள். சீனாய்விளைக்காரர்களுக்குச் சங்கிலி ஜெபம் நடத்திப் பழக்கம். மழை இல்லையென்றால், ஊரில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், சபையார் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பேர் எழுதி இரவும் பகலும் இடைவிடாமல் ஜெபிப்பார்கள். அதே பட்டியலை எடுத்தார்கள். மேலே 'சங்கிலி ஜெபம்' என்று இருந்ததை அடித்துவிட்டு 'நித்திய ஆக்கினை' என்று எழுதினார்கள். வாரத்தின் நூற்றறுபத்தெட்டு மணி நேரமும் ஞாயிறு மத்தியானத்துக்குள் நிரம்பிவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் மனஸ்தாபப்பட்டார்கள்.

பியூலா மாலை நான்கு முதல் ஆறு வரை எழுதிக்கொண்டாள். கெசியா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அது. அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் ரூபன் நடுக்கடலிலிருந்து போனில், "நீ பாக்கணும்னா பாரு. என்னால முடியாது" என்றான். என்னால் முடியும் என்று அவள் சொன்னாள். தங்கப்பழம் அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சமாவது வருடம் வரை கதற வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவும் இல்லை.

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டியபின் முழுச் சபையும் முண்டியடித்து நின்று முதல் பதினோரு நிமிடத்தைப் பார்த்தது. தங்கப்பழத்தின் கண் வழியே தெரியும் காட்சி. ஸ்டியரிங், சாலை, அவ்வப்போது தலைக்குமேல் இருக்கும் கண்ணாடி. பிறகு திருப்பம், தண்ணீர், கூச்சல், கரை. தொட்டுத் தொட்டு எண்ணும் அவன் கை. "ஏழும் வந்துட்டு." பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள்.

பியூலா பார்த்தது வேறு. தண்ணீருக்கு முந்தைய நான்கு நிமிடத்தில், கண்ணாடியில், மூன்றாவது வரிசையில், மங்கலாக ஒரு தலை. பச்சை ரிப்பன். அவள் கட்டிவிட்ட ரிப்பன். ஜன்னலோர இடத்துக்காக யாரிடமோ சண்டை போடும் குரல். பிறகு அந்தப் பாட்டு. யானைக்கும் எறும்புக்கும் ஒரே கப்பலில் இடம் கிடைத்த கதை. எல்லோரும் யானை என்று பாட, ஒரு குரல் மட்டும் எறும்பு என்று முந்திக்கொண்டது. எத்தனை முறை திருத்தியும் கெசியாவுக்கு எறும்புதான் முதலில் வரும்.

அன்று பியூலா வடையைத் தொடவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துப் பாவம் என்றார்கள்.

இரண்டாம் வாரமே அலுவலகத்தில் ஒரு புதுப் படிவத்துக்குக் கிராக்கி வந்தது. தன் சாயல்மீது சபைக்குக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் படிவம். சபையில் நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தினர்கள். ஒரு மாதத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் கொடுத்துவிட்டார்கள். நரகத்தின்மேல் இருந்த விசுவாசம் யாருக்கும் குறையவில்லை, தாங்கள் போவதில்தான் கொஞ்சம் தயக்கம். தேவஇரக்கத்தின் படிவம் மூன்றாவது. முதலிரண்டும் அவருடைய மகனும் மருமகளும் கொடுத்தவை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அவர்கள் முந்திவிட்டார்கள்.

பட்டியலும் மெதுவாக ஓட்டை விழ ஆரம்பித்தது. முதலில் இளைஞர் ஐக்கியம் நழுவியது, கிரிக்கெட் சீசன். மாதர் சங்கம் முறுக்கும் பிளாஸ்க்கும் கொண்டுவந்து ஆறு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு கல்யாண முகூர்த்தங்கள், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை, சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. ஒருத்திக்கு இடுப்புவலி. ஒருவர், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று கடிதமே கொடுத்தார். அதே காட்சியை அறுநூறாவது தடவை பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் சாபத்துக்கு உட்கார்ந்திருப்பதைவிட மழைக்கு ஜெபிப்பது சுலபம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஜெபத்திலாவது கண்ணை மூடிக்கொள்ளலாம்.

ஆறாம் மாதம் முடியும்போது சீனாய்விளையில் நித்திய ஆக்கினை மாலை நான்கு முதல் ஆறு வரை மட்டும் நடந்தது. ஞாயிறு விடுமுறை. மீதி நேரமெல்லாம் தங்கப்பழம் யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஒன்றுமில்லாமையில் கிடந்தான். சபை அவனை மன்னிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

பியூலா மட்டும் ஒருநாள் தவறவில்லை. "அந்தப் பிள்ளையோட வைராக்கியத்தப் பாருங்க" என்று தேவஇரக்கம் பிரசங்க மேடையிலேயே புகழ்ந்தார்.

அவள் செய்துகொண்டிருந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. முதல் வாரமே அவள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். நான்கு நிமிடம் கண் கொட்டாமல் பார்ப்பாள். வேன் குளத்துக்கரையை நெருங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒன்பது எண்ணுவாள். இயந்திரம் நின்றுவிடும். கண்ணைத் திறந்தால் மறுபடி வேன் புறப்படும், ஜன்னலோரச் சண்டை வரும், எறும்பு வரும். இரண்டு மணி நேரத்தில் இருபத்தைந்து தடவைக்கு மேல் பார்க்கலாம். அதன்பின் அவளுடைய நேரத்தில் வேன் ஒருமுறைகூடத் தண்ணீருக்குள் இறங்கியதில்லை.

போகப் போக இன்னொன்றும் நடந்தது. கண்ணாடியில் மங்கலாக இருந்த தலை தெளிந்துகொண்டே வந்தது. மூன்றாம் மாதம் ரிப்பனில் பூப்போட்டிருப்பது தெரிந்தது. ஐந்தாம் மாதம் முகம். ஏழாம் மாதத்தில் ஒருநாள் கெசியா கண்ணாடியைப் பார்த்து, முந்தின நாள் விழுந்த முன்பல்லின் சந்தில் நாக்கை நுழைத்து, டிரைவரைப் பார்த்துச் சிரிப்பது முழுசாகத் தெரிந்தது. பியூலா அன்று உரக்க அழுதுவிட்டாள். கம்பெனிக்காரன் நல்ல திரையாக மாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

தன்மேல் அவளுக்கு வெறுப்பும் இருந்தது. பிள்ளையைப் பார்ப்பதற்காக அவனைத் தண்ணீரில் தள்ளாமல் தள்ளாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோமே என்ற வெறுப்பு. ஒருநாள் குருவானவரைத் தனியாகப் பிடித்து வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஐயா, பரலோகத்துல இருக்கவங்களுக்கு நரகத்துல நடக்கது தெரியுமா?"

குருவானவர் தயங்கினார். "பழைய காலத்துப் பெரியவங்க சிலர் தெரியும்னு எழுதியிருக்காங்கம்மா. அதப் பாத்து அவங்க ஆண்டவரோட நீதிய நெனச்சு சந்தோஷப்படுவாங்கன்னு."

"அப்ப கெசியா இதப் பாத்துக்கிட்டு இருக்காளா?"

"அது..."

"பாத்து சந்தோஷப்படுதாளா? அவளுக்கு வேன் மாமாவப் புடிக்கும் ஐயா. கண்ணாடில பல்லக் காட்டிச் சிரிக்கா."

குருவானவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, ஜெபித்துக்கொள்வோம் என்றார். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அந்த ஊரில் அதுதான் பதில்.

ஒரு வருடம் முடிந்தது. தண்டனை தொடர வேண்டுமானால் இறந்தவளின் நெருங்கிய உறவு வருடாவருடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. போடாவிட்டால் சாயல் இளைப்பாறுதலுக்குப் போய்விடும். அதன் நினைவுகளை அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்க முடியாது. சபை மன்றம் சனிக்கிழமை மத்தியானம் கூடியது. லிவிங்ஸ்டன் வருடாந்தர அறிக்கையோடு வந்திருந்தான். உள்ளே இருப்பவனின் வேதனை அளவு அதில் கோடாக வரைந்திருந்தது. உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்டக் கூடாது என்பது சட்டம். கிரிக்கெட் ஸ்கோர்போலப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம்.

"ஒரு விசித்திரம் சார். மத்தவங்க பாக்கும்போது வேதனை தண்ணிக்குள்ளதான் ஏறுது. ஆனா இந்த மேடம் பாக்கிற சாயங்கால நேரத்துல, வேன் தண்ணிக்குப் போறதுக்கு முன்னாலயே, அதவிட மூணு மடங்கு" என்றான் லிவிங்ஸ்டன்.

பியூலாவுக்குப் புரியவில்லை. "தப்பா இருக்கும். நான் பாக்கிற நேரத்துல ஒண்ணும் நடக்காதே."

"இல்ல மேடம், சரிதான். உள்ள இருக்கவரு கை காலை மாத்த முடியாது. ஆனா எதைக் கவனிக்கணும்கிறது அவரு இஷ்டம். எதக் கவனிக்காரோ அது தெளிவாகும், வேதனையும் அங்கதான் கூடும். மத்த நேரமெல்லாம் அவரு ரோட்டப் பாத்துத் தப்பிச்சுக்கிடுதாரு. உங்க பேரச் சொன்ன உடனே கண்ணாடியையே பாக்காரு. ஏன்னு தெரியல."

தேவஇரக்கம் எழுந்து நின்று கைதட்டினார். மன்றமே எழுந்து கைதட்டியது. மூன்று மடங்கு. நெருப்பே இல்லாமல். ஒரு கைம்பெண்ணின் விளக்கைப்போல இவள் தனியாக நீதியை அணையாமல் வைத்திருக்கிறாள் என்றார் அவர். பியூலாவின் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று பக்கத்திலிருந்தவர் அவர் காதில் சொன்னார்.

பியூலா கைதட்டல் முடிவதற்குள் வெளியே வந்துவிட்டாள். திரை மாறவில்லை. அவன்தான் துடைத்துத் துடைத்துக் காட்டியிருக்கிறான். நேரே அந்த அறைக்குப் போனாள். தண்டனையில் இருப்பவன் மன்றாட தினம் ஐந்து நிமிடம் உண்டு; அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஒரு வருடத்தில் அதை யாரும் அழுத்தியதில்லை. அவள் அழுத்தினாள்.

"தங்கப்பழம்."

"கெசியாம்மா" என்றது குரல். வேன் வாசலில் நின்று கூப்பிடும் அதே குரல்.

"நீ ஏன் கண்ணாடியையே பாக்க?"

"மத்தவிய வந்தா வண்டி தண்ணிக்குள்ள போயிரும். நீங்க வந்தா திருப்பத்துக்கு முன்னாலயே நின்னுரும். மொதல்ல எம்மேல எரக்கப்படுதியன்னு நெனச்சேன். பொறவு யோசிச்சேன். எம்மேல எதுக்கு எரக்கப்படணும். பிள்ளையப் பாக்க வாரியன்னு வெளங்கிச்சு."

"வெளங்கி?"

"நான் பாத்தாத்தான உங்களுக்குத் தெரியும். ரோட்டப் பாத்தா எனக்குக் கொஞ்சம் தாங்கும். அந்தப் பல்லு விழுந்த சிரிப்பப் பாத்தா தாங்காது. பரவால்ல. உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா?"

அவனை வெறுப்பதற்குத் தேவையான எல்லாம் பியூலாவிடம் இருந்தது. அந்தக் கை, அந்த எண்ணிக்கை, அந்தக் கால் மணி நேரம். ஒன்றும் குறையவில்லை. அதன்மேல் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கையெழுத்துக் கேக்காங்க. போடலன்னா நீ தூங்கப் போயிரலாம்" என்றாள்.

"போட்டுருங்க கெசியாம்மா. நான் போயிட்டா பாப்பாவ எங்க போய்ப் பாப்பிய? நான் இங்க கெடக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"நான் உன்ன மன்னிக்கல."

"நான் கேக்கலியே" என்றான். "ஏழு பிள்ளைய எண்ணத் தெரியாதவன். இதாவது ஒழுங்காச் செய்யுதேன்."

ஐந்து நிமிடம் முடிந்து குரல் நின்றது. சபையின் பிரசங்கங்களில் ஒருவருக்காக ஒருவர் வேதனையைச் சுமப்பது பற்றி அவள் நாற்பது வருடமாகக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவனை நேரில் பார்ப்பாள் என்றோ, அவன் நரகத்தில் இருப்பான் என்றோ யாரும் சொல்லவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு தேவஇரக்கம் தாளோடு வந்தார். "இங்கன ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரும்மா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ."

பியூலா பேனாவை வாங்கிக்கொண்டாள். "போடுதேன் அண்ணாச்சி. எனக்கு நாளைல இருந்து வர முடியாது. நாலு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் நீங்க உக்காருங்க. உங்க பேர இதுல எழுதுங்க, கீழ நான் போடுதேன்."

தேவஇரக்கம் பேனாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் எனக்கு நடக்கப் போவணும்மா. சுகர் இருக்குல்லா" என்றார். மன்றத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கையெழுத்து இல்லாத தாளோடு போனார். திரும்பி வரவில்லை. போதிய வருகை இல்லாத காரணத்தால் நித்திய ஆக்கினை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று மறுநாள் ஆராதனையில், அசன விருந்து அறிவிப்புக்கும் காணாமல்போன குடை அறிவிப்புக்கும் நடுவே வாசித்தார்கள்.

ஆனால் அது மறுநாள். அன்று நான்கு மணிக்கு பியூலா நாற்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரம் அவள் பெயரை உள்ளே சொன்னது. வேன் புறப்பட்டது. கண்ணாடி உடனே தெளிந்தது. ஜன்னலோர இடத்துக்குச் சண்டை. பூப்போட்ட பச்சை ரிப்பன். பல்லின் சந்தில் நாக்கு. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்து முடிக்க முடியாது என்பதும் தெரிந்தது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் வரை உட்கார்ந்தாலும் கெசியா ஏழு வயதோடு அந்தத் திருப்பத்துக்குத்தான் போய்க்கொண்டிருப்பாள், தான் பார்த்துச் சிரிக்கும் மாமாவைத் தாயே சுட்டுக்கொண்டிருப்பது தெரியாமல்.

பாட்டு ஆரம்பித்தபோது பியூலா எழுந்தாள். திருப்பம் வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"போதும் அண்ணே. ரோட்டப் பாருங்க" என்றாள். அவனுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றாள். பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறில் எல்லோரும் யானை என்று பாட, ஒரு குரல் எறும்பு என்றது. ஏழு. எட்டு. தப்பாமல், ஒன்றைக்கூட விடாமல், கூடுதலாக எதையும் சேர்க்காமல் ஒன்பது வரைக்கும் எண்ணினாள். சத்தம் நின்றது. பியூலா ஏசியை அணைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.